எஸ்பிரெசோவும் ஏ.எஸ்.ஈ.யும் வன்னி மேசைக்கணினியில் ஓடுமா? உலோக ஊக்கி மேற்பரப்புக் கணிப்புக்கு ஒரு மதிப்பீடு

ஓடும். இரண்டும் தாக்கங்களை அணு மட்டத்தில் கணிக்க உதவும் இலவச நிரல்கள். 4 கோர், 16 ஜிபி ராம் உள்ள சாதாரண மேசைக்கணினி, ஒரு யூ.பி.எஸ்., லினக்ஸ். இவ்வளவும் இருந்தால் பிளாற்றினத்தின் மேல் காபனோரொட்சைட்டு எங்கே ஒட்டும், எவ்வளவு இறுக்கமாக ஒட்டும், பக்கத்தில் நிற்கும் ஒட்சிசனோடு சேர எவ்வளவு ஏவற்சக்தி வேண்டும் என்று கணிக்கலாம். நூறு அணுவுக்கு மேற்பட்ட பெரிய கலங்களை (திரும்பத் திரும்ப அடுக்கப்படும் அணுப் பெட்டிகளை) ஓட்ட முடியாது. இறுதியாண்டு ஆய்வுத்திட்டத்துக்கும் முறையைக் கைப்படப் பழகுவதற்கும் தாராளம். 5க்கு 4 கொடுக்கிறோம். அந்த ஒரு புள்ளி எங்கே போனது என்பது கடைசியில் வரும்.

பம்பைமடுவிலோ கிளிநொச்சி அறிவியல் நகரிலோ படிக்கிற மாணவர்களையும், வன்னிப் பாடசாலைகளின் உயர்தர இரசாயன ஆசிரியர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறோம். ஏபர் முறை என்றால் இரும்பு ஊக்கி, 400 முதல் 500 பாகை செல்சியஸ், இருநூறு வளிமண்டல அளவில் அமுக்கம் என்று எல்லோருக்கும் மனப்பாடம். நைதரசன் மூலக்கூறு அந்த இரும்பின் எந்த மூலையில் போய் உடைகிறது என்பது பாடத்தில் இல்லை. 2021இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது காலபோகத்துக்கு ஒரு மூடை யூரியாவுக்காக அலைந்த ஊர் இது. யூரியாவின் நைதரசன் எந்த உலோகத்தின் மேல் பிறக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்க இங்குள்ள பிள்ளைக்கும் ஆசை வரத்தான் செய்யும்.

மதிப்பிடுவது மூன்று பொருட்களை. குவாண்டம் எஸ்பிரெசோ, அடர்த்திச் சார்புக் கோட்பாட்டின் (டி.எஃப்.டி.) வழியில் இலத்திரன் கணக்கைச் செய்யும் இயந்திரம். டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஏ.எஸ்.ஈ. என்ற பைதன் தொகுப்பு அணுக்களை அடுக்கி, இயந்திரத்துக்குக் கொடுத்து, விடையை வாங்கித் தரும். கேட்மாப் அந்தச் சக்திகளைத் தாக்க வீதமாக மாற்றும். மூன்றும் இலவசம். வியன்னாவிலிருந்து வரும் வாஸ்ப் வேகமானது, ஆனால் அனுமதிக்கு ஆயிரக்கணக்கான யூரோ கேட்கும். அது இல்லையே என்று இந்த வேலையில் எதையும் இழக்கப்போவதில்லை.

நிறுவுவது சுலபம். உபுண்டுவில் எஸ்பிரெசோ களஞ்சியத்திலேயே இருக்கிறது, ஒரு கட்டளை போதும். ஏ.எஸ்.ஈ. பைதனின் பிப் வழியாக வரும். விண்டோஸை விட மனமில்லாதவர்கள் அதற்குள்ளேயே லினக்ஸ் துணைத்தொகுதியை இறக்கலாம். எல்லாம் உள்ளடக்கிய மெய்நிகர் கணினிக் கோப்புகளும் கிடைக்கின்றன. அவை பல ஜிபி. சிம் டேட்டாவில் இருப்பவர்கள் அந்தப் பக்கம் போகாதீர்கள். தனித்தனியாக எடுத்தால் அதில் சிறு பங்குதான் செலவாகும். ஒவ்வொரு மூலகத்துக்கும், அதன் கருவுக்கும் உள் இலத்திரன்களுக்கும் பதிலாக நிற்கும் ஒரு சூடோபொட்டென்ஷியல் கோப்பு வேண்டும். எஸ்.எஸ்.எஸ்.பி. நூலகத்திலிருந்து தேவையானவற்றை மட்டும் இறக்குங்கள்.

நிறுவியதும் முதல் வேலை ஒன்று இருக்கிறது, கனபேர் தவறவிடுவது இதைத்தான். ஒரு செயலுக்குள்ளேயே வேலையைப் பிரிக்கும் ஓபன் எம்.பி.யின் இழை எண்ணிக்கையை 1 ஆக்குங்கள். அப்படிச் செய்யாமல் ஒரே கணக்கைப் பங்கிட்டுச் செய்யும் 4 எம்.பி.ஐ. செயல்களை ஓடவிட்டால், ஒவ்வொன்றும் தனக்கு நான்கு இழைகளை எடுத்துக்கொள்ளும். 4 கோரின் மேல் 16 பேர் ஏறி மிதிப்பார்கள். ஓட்டம் நிற்காது, பிழைச் செய்தியும் வராது, ஆமை வேகத்தில் நகரும். கணினி போதாது என்று நினைத்துப் பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். கோரை எண்ணும்போதும் உண்மையான கோர்களை எண்ணுங்கள். விண்டோஸ் காட்டும் இரட்டிப்பு எண்ணை நம்பவேண்டாம். ஓட்டம் தொடங்கியதும் வெளியீட்டுக் கோப்பின் மேற்பகுதியில் ஒரு செயலுக்கு எவ்வளவு ராம் தேவை என்ற மதிப்பீடு அச்சாகும். அதைச் செயல்களின் எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள். ராமை மிஞ்சினால் உடனே நிறுத்துங்கள். வன்தட்டில் இடம் மாற்றிக்கொண்டு ஓடும் கணக்கு விடிந்தாலும் முடியாது.

கரண்ட் விடயத்துக்கு வருவோம். எஸ்பிரெசோவை நல்லபடியாக நிறுத்தினால்தான் விட்ட இடத்திலிருந்து தொடரும். சடுதியாக இருண்டால் அந்தச் சுற்றின் அலைச்சார்புகள் போனதுதான். நல்லபடியாக நிறுத்த இரண்டு வழிகள். மின்வெட்டு நேரம் முன்பே தெரிந்தால் உள்ளீட்டுக் கோப்பில் அதிகபட்ச நொடிகளைக் கொடுத்துவிடலாம்: பிற்பகல் 2 மணிக்கு வெட்டு, காலை 8 மணிக்குத் தொடக்கம் என்றால் 21,600க்குச் சற்றுக் குறைவாக 20,000. தெரியாமல் வந்தால் யூ.பி.எஸ். கத்தத் தொடங்கியதும், ஓட்டத்தின் பெயரோடு 'எக்ஸிற்' என்ற பின்னொட்டை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் சேர்த்து ஒரு வெற்றுக் கோப்பை அதே அடைவில் உருவாக்குங்கள். நிரல் அதைக் கண்டதும் இருப்பதை எழுதிவிட்டு வெளியேறும். வன்தட்டு பழையதென்றால் எழுதவே சில நிமிடம் பிடிக்கும், ஆகையால் யூ.பி.எஸ்.ஸின் கடைசி நிமிடம்வரை காத்திருக்கவேண்டாம். இரண்டும் தவறினாலும் முழு நட்டமில்லை. அணுக்களைச் சக்தி குறைந்த இடத்துக்கு நகர்த்தும் தளர்த்தல் ஓட்டத்தில் ஒவ்வோர் அடியின் அணு ஆயங்களும் வெளியீட்டுக் கோப்பில் இருக்கும். கடைசி ஆயங்களை ஏ.எஸ்.ஈ.யால் வாசித்துப் புதிதாகத் தொடங்கினால் அரைகுறையாக நின்ற ஓர் அடி மட்டுமே போகும்.

சூட்டையும் சொல்லவேண்டும். வைகாசி, ஆனி மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே எல்லாக் கோரும் முழுச்சுமையில் பத்து மணித்தியாலம் நின்றால், செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைக் குறைத்துவிடும். விசிறித் தூசியைத் தட்டுங்கள், இரவில் ஓட்டுங்கள். மடிக்கணினி இந்த வேலைக்கு உகந்ததல்ல.

இனிக் கணக்கு. முதலில் பருப்பொருளின் அணுச்சாலக மாறிலியை நீங்களே கணியுங்கள். பிளாற்றினத்துக்குப் பரிசோதனைப் பெறுமானம் 3.92 அங்ஸ்ட்ரோம், டி.எஃப்.டி.யில் வழக்கமாகப் பயன்படும் பி.பி.ஈ. என்ற அண்ணளவுச் சார்பு கிட்டத்தட்ட 3.97 தரும். புத்தகத்து 3.92ஐ அப்படியே போட்டால் ஸ்லாப் (மேற்பரப்பாக நாம் எடுக்கும் சில அணு அடுக்குகள் கொண்ட தகடு) பக்கவாட்டில் நசுங்கியே நிற்கும், ஒட்டும் சக்தியும் அதோடு பிழையாகும். கட்ஓஃபை, அதாவது கணக்கில் சேர்க்கும் தள அலைகளின் சக்தி எல்லையை, அலைச்சார்புக்கு 50 ரிட்பேர்க் (எஸ்பிரெசோவின் சக்தி அலகு), அடர்த்திக்கு 400 ரிட்பேர்க் என்று தொடங்கலாம். அடர்த்திக் கட்ஓஃபைக் குறிப்பிடாமல் விட்டால் நிரல் தானாக நான்கு மடங்கை, அதாவது 200ஐ எடுக்கும்; அல்ட்ராசொஃப்ட் வகைச் சூடோ கோப்புகளுக்கு அது காணாது, எட்டு மடங்காவது வேண்டும். உலோகம் என்பதால், இலத்திரன் நிரப்பலின் கூர்மையான எல்லையை மழுக்கும் ஸ்மியரிங் கட்டாயம்: மர்சாரி–வாண்டர்பில்ட் வகை, அகலம் 0.01 முதல் 0.02 ரிட்பேர்க்.

ஸ்லாப்புக்கு 111 முகம் (அணுக்கள் நெருக்கமாக அடுங்கிய தட்டையான முகம்), 2×2 கலம், 4 அடுக்கு, மொத்தம் 16 அணு. கீழிரண்டு அடுக்கைக் கட்டிவைத்து மேலிரண்டைத் தளரவிடுங்கள். கே-புள்ளி (இலத்திரன் அலைகளை மாதிரியெடுக்கும் வலை) 6×6×1, மூன்றாவது திசையில் எப்போதும் 1. வெற்றிடம் கொடுக்கும்போது கவனம்: ஏ.எஸ்.ஈ.யில் 10 என்று எழுதினால் அது மேலே 10, கீழே 10. இரண்டு ஸ்லாப்புகளுக்கு நடுவில் மொத்தம் 20 அங்ஸ்ட்ரோம் வெறுமை. தள அலை முறையில் வெறுமைக்கும் ராம் வாடகை உண்டு. 7 என்று எழுதினால் 14 கிடைக்கும், இந்த வேலைக்கு அது போதும். ஒரு பக்கத்தில் மட்டும் மூலக்கூறு ஒட்டியிருப்பதால் அதனால் எழும் போலி மின்புலத்தை நீக்கும் இருமுனைத் திருத்தத்தையும் போடுங்கள். திருத்தத்தின் தாவல் விழும் இடம் வெற்றிடத்தின் நடுவில் இருக்கவேண்டும், அணுக்களுக்குள் விழுந்தால் விடை மாறாமல் நிற்கும்வரை திரும்பத் திரும்பக் கணிக்கும் எஸ்.சி.எஃப். சுழற்சி பைத்தியம் பிடித்ததுபோல ஆடும். ஆடுவது நிற்காவிட்டால் கலப்புக் குணகத்தை வழக்கமான 0.7இலிருந்து 0.2க்கு இறக்கி, கலப்பு முறையை உள்ளூர் தோமஸ்–பெர்மி வகைக்கு மாற்றுங்கள். பெரும்பாலும் அடங்கிவிடும்.

அடுத்தது எல்லோரையும் ஒருமுறையாவது கடிக்கும் குழி. காபனோரொட்சைட்டைப் பிளாற்றினம் அணுவின் உச்சியில் 1.85 அங்ஸ்ட்ரோம் உயரத்தில் வை என்று ஏ.எஸ்.ஈ.யிடம் சொல்கிறீர்கள். அது உயரத்தை அளப்பது மூலக்கூறின் முதல் அணுவுக்கு. அதன் சேமிப்பில் இருக்கும் காபனோரொட்சைட்டில் முதல் அணு ஒட்சிசன். காபன் அதற்குக் கீழே 1.15 அங்ஸ்ட்ரோமில் தொங்குகிறது. ஆகவே ஒட்சிசன் 1.85இல் நிற்க, காபன் பிளாற்றினத்துக்கு மேல் வெறும் 0.70இல் போய்ச் செருகிக்கொள்ளும். முதல் அடியிலேயே விசை எகிறும், சில வேளை மூலக்கூறு வெற்றிடத்துக்குத் தெறித்துப் பறக்கும். மூலக்கூறுச் சுட்டெண்ணை 1 என்று கொடுத்தால் உயரம் காபனுக்கு அளக்கப்படும், எல்லாம் வடிவாக வரும். ஓட்டத்தைத் தொடங்குமுன் ஏ.எஸ்.ஈ.யின் பார்வைச் சாளரத்தில் பக்கவாட்டாக ஒருதரம் பாருங்கள். அரை நிமிட வேலை, ஓர் இரவை மிச்சம் பிடிக்கும்.

16 பிளாற்றினமும் ஒரு காபனோரொட்சைட்டும் உள்ள தளர்த்தல் இப்படியான கணினியில் ஓர் இரவு முழுக்க ஓடும். மறுநாள் மதியம் கடந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். உச்சி, பாலம், இரண்டு வகைக் குழி என்று நான்கு இடங்களையும் பார்க்கவேண்டும். பார்த்து முடித்ததும் ஒரு சங்கடம் காத்திருக்கும். பி.பி.ஈ. குழியைத் தான் அதிகம் விரும்புகிறது, பரிசோதனையோ குறைந்த நிரம்பலில் (மேற்பரப்பின் சிறு பங்கே மூடப்பட்டிருக்கையில்) உச்சி என்கிறது. உள்ளீட்டைத் திரும்பத் திரும்ப மாற்றி மண்டையைக் குழப்பவேண்டாம். 2001இலேயே இதற்குப் 'புதிர்' என்று பெயர் வைத்துக் கட்டுரை எழுதிவிட்டார்கள். பிழை சார்பினுடையது, உங்களுடையது அல்ல. ஆய்வேட்டில் அதை அப்படியே எழுதுங்கள். கணித்த விடையைப் பரிசோதனைக்குப் பொருந்த வளைப்பதைவிட அது நேர்மை.

இடம் என்பது குழி, உச்சியோடு முடியவில்லை. உருத்தேனியத்தின் தட்டையான முகத்தில் நைதரசன் உடைய ஏவற்சக்தி ஏறத்தாழ 1.3 இலத்திரன்வோல்ற்று (இனி ஈவி). அதே உலோகத்தின் படி விளிம்பில், அதாவது ஓர் அணு அடுக்கு முடிந்து இறங்கும் ஓரத்தில், 0.4 அளவு. 1999இல் டென்மார்க்கில் இதை அளந்தபோது, 500 கெல்வினில் படியின் வீதம் தட்டையானதைவிடக் குறைந்தது 10இன் 9ஆம் அடுக்கு மடங்கு அதிகம் என்று கண்டார்கள். அதாவது மேற்பரப்பில் நூற்றில் ஒரு பங்கு படி இருந்தாலும் வேலை முழுக்க அங்கேதான் நடக்கும். ஆகவே அமோனியாவை எடுத்துக்கொண்டு தட்டையான முகத்தில் மட்டும் கணித்துவிட்டு 'இந்த உலோகம் உதவாது' என்று எழுதும் ஆய்வேட்டுக்குப் பெறுமதியில்லை. படியுள்ள ஸ்லாப்புக்குக் கலம் பெருக்கும், நேரம் அணு எண்ணிக்கையின் கிட்டத்தட்ட மும்மடியாக ஏறும். அதைக் கணக்கில் வைத்தே தலைப்பைத் தெரிவுசெய்யுங்கள். 4 கோர்க் கணினிக்குப் பிளாற்றினத்தில் காபனோரொட்சைட்டு எரிவது பொருத்தம். காரின் புகைக்குழாயில் இருக்கும் ஊக்கி மாற்றி செய்வதும் அதைத்தான், கெர்காட் எர்ட்லுக்கு 2007 நோபல் பரிசு கிடைத்த ஆய்வுகளிலும் அது ஒன்று.

ஏவற்சக்திக்கு என்.ஈ.பி. முறை. தொடக்க நிலைக்கும் இறுதி நிலைக்கும் நடுவில் பிம்பங்களை, அதாவது இடைப்பட்ட அணு அமைப்புகளை, கற்பனை வில்லால் கட்டி, பாதையின் உச்சியைத் தேடுவது. எஸ்பிரெசோவில் பிம்ப எண்ணிக்கை இரு முனைகளையும் சேர்த்தது. நடுவில் 5 வேண்டுமென்றால் 7 என்று எழுதுங்கள். பிழைகள் வருவது பெரும்பாலும் முனைகளிலிருந்துதான். இரு முனைகளிலும் அணுக்களின் வரிசை ஒன்றாக இருக்கவேண்டும்; இரண்டு ஒட்சிசன் இடம் மாறியிருந்தால் நிரல் ஒன்றை மற்றதற்குள்ளால் இழுத்துப் போகும், 20 ஈவி மலை ஒன்று முளைக்கும். தளர்த்தலின்போது ஓர் அணு கலத்தின் எல்லையைத் தாண்டி மறுபக்கத்தால் நுழைந்திருந்தாலும் இதே கதை: பாதை கலத்தை முழுதாகக் கடக்கும். நேர்கோட்டு இடைச்செருகலுக்குப் பதில் ஏ.எஸ்.ஈ.யின் ஐ.டி.பி.பி. முறையால் பிம்பங்களைச் செய்து கொடுத்தால் அணுக்கள் ஒன்றையொன்று முட்டாது. ஒரு பிம்பத்தைச் சரியாக உச்சிக்கே தள்ளும் 'ஏறும் பிம்பம்' என்ற தெரிவைத் தொடக்கத்திலேயே போடாதீர்கள். விசை 0.2 ஈவி/அங்ஸ்ட்ரோம் அளவுக்கு வந்தபின் அதை இயக்கி 0.05 வரை இறக்குங்கள். ஒரு நல்ல செய்தி: என்.ஈ.பி. நிரல் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் பாதையைக் கோப்பில் எழுதும், ஆகையால் கரண்ட் போனாலும் தொடரலாம். கெட்ட செய்தி, ஐந்து பிம்பமும் ஐந்து தனிக் கணக்கு. இந்த வகைக் கணினியில் வாரக்கணக்கில் பாருங்கள்.

உச்சி கிடைத்தது என்று நம்பிவிடாமல் அதிர்வெண்களையும் கணியுங்கள். உண்மையான உச்சிக்குக் கற்பனை அதிர்வெண் ஒன்றே ஒன்று இருக்கும், அதன் அசைவு உடையும் அல்லது உருவாகும் பிணைப்பின் வழியே இருக்கும். இரண்டு வந்தால் அது மலையின் இடைக்கணவாய் இல்லை. ஏ.எஸ்.ஈ. ஒவ்வோர் அணுவையும் மூன்று திசையிலும் முன்பின்னாக 0.01 அங்ஸ்ட்ரோம் அசைத்துப் பார்க்கும். இரண்டு அணு மூலக்கூறுக்கு 12, அசையாத நிலைக்கு 1, ஆக 13 ஓட்டங்கள். ஒவ்வொன்றும் தனிக் கோப்பு. இடையில் நின்றால் மிச்சத்தைத் தொடரும், ஆனால் நின்ற ஓட்டத்தின் கோப்பு பூச்சிய அளவில் கிடக்கும். அதை அழிக்காமல் தொடர்ந்தால் அது முடிந்துவிட்டதாக நினைத்துத் தாண்டிப்போய்க் கடைசியில் முறிந்து விழும்.

இனி எந்திரப்பி. −1.5 ஈவி என்று ஒட்டும் சக்தி வந்ததும் 'இறுக்கமாக ஒட்டுகிறது' என்று எழுதிவிட்டு நிறுத்துபவர்கள் அதிகம். வாயுவாகத் திரிந்த மூலக்கூறைக் கட்டிப்போடுவதற்கு விலை உண்டு. காபனோரொட்சைட்டின் நியம எந்திரப்பி 298 கெல்வினில் மூலுக்கு 197.7 யூல்/கெல்வின், வெப்பநிலையால் பெருக்கினால் 0.61 ஈவி. 500 கெல்வினில் எந்திரப்பி 212.8, பெருக்கம் 1.10 ஈவி. ஒட்டிய மூலக்கூறுக்கு மிஞ்சும் அதிர்வு எந்திரப்பி சிறியது. அப்படியானால் அறை வெப்பநிலையில் 0.9 ஈவி பிடிப்போடு இருந்தது, 500இல் 0.4க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. ஒட்சிசனுக்கு இன்னொரு வில்லங்கம்: பி.பி.ஈ. அந்த மூலக்கூறின் பிணைப்பை மிகைப்படுத்தும். நீர், ஐதரசன் இரண்டையும் கணித்து, நீரின் இரு மூலக்கூறுகளிலிருந்து இரு ஐதரசனைக் கழித்து 4.92 ஈவி கூட்டி ஒட்சிசனின் சுயாதீன சக்தியைப் பெறுவது வழக்கம். நேரடியாகக் கணிப்பதென்றால் இலத்திரன் சுழற்சி முனைவாக்கத்தைப் போட மறக்காதீர்கள், அது சோடி சேராத இரண்டு இலத்திரன் உள்ள மும்மை நிலை.

கேட்மாப் இந்த எண்களை வாங்கி நிரம்பலையும் வீதத்தையும் தரும். அணுகுமுறை அருமை, ஆவணம் மெலிவு, பைதன் பதிப்போடு மல்லுக்கட்ட வேண்டிவரும். நான்கைந்து படிமுறை உள்ள தாக்கத்துக்குச் சைபை என்ற பைதன் கணித நூலகத்தில் நீங்களே எழுதுவது சுகம். வீத மாறிலிகள் நொடிக்கு 10இன் 13ஆம் அடுக்கிலிருந்து பின்னத்துக்குக் கீழ் வரை பரந்திருக்கும், ஆகையால் விறைத்த சமன்பாடுகளுக்கான பி.டி.எஃப். அல்லது ராடௌ தீர்ப்பானைத் தெரிவுசெய்யுங்கள். இயல்பாக வரும் ருங்கே–குட்டா நகரவே நகராது. நிரம்பல்களின் கூட்டுத்தொகை 1 ஆக நிற்கிறதா என்று இடையிடையே பாருங்கள். குறைந்த வெப்பநிலையில் காபனோரொட்சைட்டு மேற்பரப்பை முழுக்க மூடி, ஒட்சிசனுக்கு அடுத்தடுத்து இரண்டு வெற்றிடம் கிடைக்காமல் தாக்கம் நின்றுபோகும். உங்கள் மாதிரி அதைக் காட்டாவிட்டால் எங்கோ பிழை.

விடையின் நம்பகம் எவ்வளவு? டி.எஃப்.டி.யில் 0.1 முதல் 0.2 ஈவி பிழை சர்வசாதாரணம். 500 கெல்வினில் 0.1 ஈவி வீதத்தை 10 மடங்கு மாற்றும். 300 கெல்வினில் 48 மடங்கு. ஆகவே 'நொடிக்கு 3.27 சுழற்சி' என்று ஆய்வேட்டில் எழுதுவது வேடிக்கை. பிளாற்றினம், பலேடியம், செப்பு மூன்றையும் ஒரே அமைப்பில் ஓட்டி எது முந்துகிறது என்று ஒப்பிடுங்கள். பிழையின் பெரும்பகுதி மூன்றிலும் ஒரே பக்கம் சாய்வதால் வரிசை ஓரளவு தப்பும்.

குறைத்த புள்ளி எதற்கு என்றால், எஸ்பிரெசோவின் அலகுக் குழப்பத்துக்கு. சக்தி ரிட்பேர்க்கில், விசை ரிட்பேர்க்/போரில், என்.ஈ.பி.யில் மட்டும் ஈவி/அங்ஸ்ட்ரோமில். ஏ.எஸ்.ஈ. எல்லாவற்றையும் ஈவிக்கு மாற்றித் தரும், ஆனால் அதன் வழியாகக் கொடுக்கும் எஸ்பிரெசோ அளவுருக்களை மாற்றாது. 1 ரிட்பேர்க் 13.606 ஈவி, 50 ரிட்பேர்க் வேண்டிய இடத்தில் ஈவி நினைப்பில் 500 என்று எழுதியவரின் கணினி முதல் சுழற்சியையே தாண்டாது. பிழைச் செய்திகளும் விளக்கம் கேட்கும் சாதி.

நேரத்தை மிச்சப்படுத்த இப்போது இயந்திரக் கற்றல் மாதிரிகள் இருக்கின்றன. 2020இல் வெளிவந்த ஓபன் கேட்டலிஸ்ட் தரவுத்தொகுதி சுமார் 13 இலட்சம் மேற்பரப்புத் தளர்த்தல்களைக் கொண்டது, அதில் பழகிய மாதிரிகள் இலவசம். 4 கோர்க் கணினியிலும் சில நிமிடத்தில் ஒரு தளர்த்தலை முடிக்கும். எஸ்பிரெசோவுக்குப் போகுமுன் வடிவத்தை அதில் ஒருதரம் தளர்த்தி எடுத்தால், இரவு முழுக்க ஓடுவது சில மணித்தியாலமாகக் குறையும். சக்தியை மட்டும் அங்கிருந்து எடுக்காதீர்கள். அந்தத் தொகுதி ஆர்.பி.பி.ஈ. சார்பில் கணித்தது, ஒட்டும் சக்தியைப் பி.பி.ஈ.யைவிடக் குறைவாகத் தரும் சார்பு அது. ஓர் இடத்துக்கு அதையும் மறு இடத்துக்கு எஸ்பிரெசோவையும் போட்டுக் கழித்தால், வரும் வித்தியாசம் உலோகத்தினுடையதா சார்பினுடையதா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.